வழக்கமான வெட்டு

பேருந்து ஓட்டுநருக்கு வந்தது தோலில் உண்டாகும் அபூர்வமான ஒரு புற்றுநோய். அது மயிர்க்கால்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் புருவங்கள் உதிர்ந்தன. நெற்றி வியர்வை நேராகக் கண்ணில் இறங்கியது. பிறகு தலையில் ஒரு முடிகூட மிஞ்சவில்லை. அவர் சிகிச்சைக்கு ஒருநாளும் தவறியதில்லை. மாதம் ஒருமுறை முடி வெட்டிக்கொள்வதையும் விடவில்லை.

அன்றும் சலூன் திறந்ததும் முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. முடிதிருத்துபவர் அவருடைய பள்ளிக்காலத்து நண்பர்.

“வெட்ட என்னடா இருக்கு? காத்தையா வெட்டறது?”

“முடி திரும்பி வர்றப்ப நாற்காலியில நான் இருக்க வேணாமா? காத்தையே வெட்டு. காதோரத்துல மட்டும் கொஞ்சம் பாத்து.”

நண்பர் சிரித்தபடி வெள்ளைத் துணியைப் போர்த்தினார். மொட்டைத் தலையைச் சுற்றிப் பொறுமையாகக் கத்தரியை ஓட்டினார். முடிந்ததும் துணியை உதறினார்.

ஈரத் தரையில் கறுப்பு முடி கற்றை கற்றையாக விழுந்து ஒட்டிக்கொண்டது. நடுவே, ஓட்டுநரின் இடது காதோரத்தில் முன்பு இருந்ததைப் போலவே, கொஞ்சம் நரை.

கண்ணாடியில் அதே மொட்டைத் தலைதான் இருந்தது.

“கூட்டிடுடா,” என்று எழுந்தார் ஓட்டுநர். “அடுத்த மாசம் வர்றேன்.”

நேராகப் பணிமனைக்குப் போய் வண்டியை எடுத்தார். அன்று மாலைவரை, ஒவ்வொரு திருப்பத்திலும், சட்டைக் காலருக்குள் வெட்டிய முடி சுருக்கென்று குத்திக்கொண்டே இருந்தது.