இரண்டாவது பாட்டில்

"ஐயோ, திறந்துட்டியா?" என்றார் ஃப்ரேஹா அம்மாள்.

கிஸ்லான் கையில் தக்கை பிடுங்கும் திருகோடு நின்றாள். ஒயினுக்குக் கொஞ்சம் காற்றுப் பட வேண்டும் என்று ஓட்டல் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கூட்டம் படியேறி வருவதற்குள் மேசை விரித்து, ஆலிவும் ரொட்டியும் வைத்து, பாட்டிலையும் திறந்துவிட்டாள்.

எங்கள் ஊரின் யூதர் தெருவில், பூட்டிக் கிடக்கும் ஜெபக்கூடத்தின் முற்றம் அது. ஊர் சுற்றிக் காட்டும் நடை அங்கே வந்துதான் முடியும்.

நடப்பது அவர்கள். பேசுவது கிஸ்லான். பெட்டி சுமப்பது நான். வாரத்தில் ஆறு நாள் என் முதுகு எனக்குச் சொந்தமில்லை.

கிஸ்லான் காஸாபிளாங்காப் பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். அவள் குடிக்கமாட்டாள், நானும் குடித்து அவள் பார்த்ததில்லை. "வாயில வைக்காத ரெண்டு பேர் சேர்ந்து ஒயின் விக்கறோம் மாமா" என்று சிரிப்பாள்.

இருபத்திரண்டு வருடம் மலைச்சரிவுத் தோட்டத்தில் திராட்சைக் கொடி வெட்டியிருக்கிறேன், கூடை சுமந்திருக்கிறேன். பிழியும் கொட்டகையின் வாசலோடு எங்கள் வேலை தீர்ந்தது. உள்ளே பிழிவதற்குத் தனி ஆட்கள் வெளியூரிலிருந்து வருவார்கள். ஒரு சொட்டு என் நாக்கில் பட்டதில்லை.

ஃப்ரேஹா அம்மாள் இந்தத் தெருவில் பிறந்தவர். ஒன்பது வயதில் பாரிஸுக்குப் போய், எழுபதை நெருங்கும்போது திரும்பி வந்திருக்கிறார். வலது கை மாவுக்கட்டில் தொங்கியது. மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று எட்டுப் பேரைத் தன் செலவில் இழுத்து வந்தது ஒரு வாய் ஒயினுக்காகத்தான். அவருடைய அப்பா கொடி வைத்திருந்த சரிவில் விளைந்த ஒயின். காலையிலிருந்து எல்லாக் கல்லிடமும் அதைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"கொதிக்க வெச்ச ஒயினா இருந்தா யார் தொட்டாலும் குத்தமில்லம்மா. இது கொதிக்க வைக்காதது. எங்க யூத முறைப்படி எங்க ஆளுதான் திறக்கணும், எங்க ஆளுதான் ஊத்தணும். நீ தங்கமான பொண்ணு. ஆனா இது இனி எனக்கு ஆகாது."

கிஸ்லான் என்னைப் பார்த்தாள். இந்தக் குடும்பம் திருப்தியாகப் போனால் இந்தப் பருவம் முழுக்க வேலை, முணுமுணுத்துக்கொண்டு போனால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி காலையில்தான் என் எதிரிலேயே சொல்லியிருந்தார்.

"இன்னொரு பாட்டில் இருக்கும்மா. நான் தொடவே இல்ல. பெட்டியிலேயே இருக்கு."

"இருந்து? எந்தக் கையால திறப்பேன்?" ஃப்ரேஹா அம்மாள் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார்.

மூத்த மகன் எழுந்தான். "குடும்மா, நான் திறக்கறேன்."

"உக்காரு. சனிக்கிழமை கார் கழுவறவன் கையால நான் குடிக்கணுமா?"

"அப்ப தம்பி?"

"அவன் அந்தக் காரை ஓட்டறவன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமை ஓய்வைக் காக்கிறவன் கை வேண்டும் அவருக்கு. அந்த வகைக் கை அந்தக் குடும்பத்தில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் உடைந்திருந்தது.

"சரி, ஆலிவாவது சாப்பிடறேன்" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

நான் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினேன். பெட்டியிலிருந்து இரண்டாவது பாட்டிலை எடுத்தேன்.

கிஸ்லான் ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள். "யஹ்யா மாமா, வேணாம்! நாம தொடக்கூடாது."

"நீதான் தொடக்கூடாது" என்றேன். "அந்தத் திருகைக் குடு."

தக்கை சத்தமில்லாமல் வந்தது. கிளாஸில் ஊற்றினேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கொடியின் கனியைப் படைத்தவனுக்குச் சொல்ல வேண்டிய ஜெபத்தைச் சொன்னேன். கடைசிச் சொல்லை எங்கள் தெருக்காரர்கள் இழுக்கிற மாதிரி இழுத்தேன்.

ஆமென் என்றது ஃப்ரேஹா அம்மாளின் வாய். அப்புறம்தான் அவர் திரும்பிப் பார்த்தார்.

"யாரு மகன் நீ?"

"செருப்பு தைக்கிற இஷு மகன். கிணத்தடி வீடு."

"நாங்க எல்லாருமே இந்த ஊர விட்டுப் போயிட்டோம்னு இவ்வளவு வருஷமா சொல்லிட்டிருக்கேனே."

"எல்லாரும் போயிட்டா உங்க பெட்டிய யாரும்மா தூக்கறது?"

மகன்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கிஸ்லான் தன் முக்காட்டு முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"நீ தெருவப் பத்தித்தான் பேசுன. என்னைக் கேக்கலியே."

ஜெபம் சொன்னவன் முதல் வாய் குடிக்க வேண்டும். அதுவரை யாரும் தொடமாட்டார்கள். அது முறை.

தோட்டத்தின் மற்ற ஒயின், யார் யாரோ தொட்டது, எனக்கு ஆகாது. ஆகிற ஒயினை வாங்க என் கூலி காணாது. முதல் வாயைக் கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருந்தேன். பறிக்கும்போது தின்ற பழம் நாக்குக்கு வந்தது. கிழக்குச் சரிவு. கல் அதிகம் உள்ள பக்கம். சந்தேகமே இல்லை.

"எப்படி இருக்கு?" என்றார் ஃப்ரேஹா அம்மாள், இடது கையை நீட்டியபடி.

"ஒரு வாரம் முந்திப் பறிச்சுட்டாங்கம்மா" என்று சொல்லி அவருக்கு ஊற்றினேன்.

அவர் கண்ணை மூடிக் குடித்தார்.

"பத்து நாள்" என்று திருத்திவிட்டு, கிளாஸை மறுபடி நீட்டினார்.