மூத்தார் ஊர் வழியாக

நாற்பத்து மூன்று.

கைப்பிடியில் இருந்த குட்டி மீட்டர் அப்படித்தான் சொன்னது. மணிக்கு நாற்பத்து மூன்று கிலோமீட்டர். அவள் மிதிக்கவே இல்லை. இறக்கம் இழுத்துக்கொண்டு போனது.

வலப்பக்கம் மலை. இடப்பக்கம் வயல். முன்னால் பதினோரு சைக்கிள், பின்னால் பத்து.

"குழீ!" என்று முதல் ஆளாகப் போகும் டென்சிங் கத்துவார். ஒவ்வொருவராக அதை வாங்கிப் பின்னால் கத்த வேண்டும். தன் முறை வந்தபோது அவள் எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள். நாற்பத்தோரு வயதில் நடுரோட்டில் வாய்விட்டுக் கத்தக் கிடைப்பது சும்மாவா?

மதுரையில் தொடங்கி கன்னியாகுமரியில் முடிகிற நான்கு நாள் பயணம். இது இரண்டாம் நாள்.

வீட்டில் சொன்னது வேறு. கோயம்புத்தூரில் ஆசிரியர் பயிற்சி.

உண்மையைச் சொல்லியிருந்தால் கணவர் வாசல்படி தாண்ட விட்டிருக்க மாட்டார். இப்போது தெரிந்தாலும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வா என்பார். பள்ளிக்கு ஓட்டிப் போகிற சைக்கிளுக்கும் சேர்த்துப் பூட்டு விழும்.

காலையில்தான் டென்சிங் பாதையை மாற்றினார். வழியில் பாலம் வேலையாம். பாறைக்குளம் வழியாகச் சுற்றிப் போகவேண்டுமாம்.

பாறைக்குளம் அவள் புகுந்த ஊர், கணவரின் சொந்த ஊர்.

திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். பிறகு யோசித்தாள். தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, காலில் சைக்கிள் பேன்ட். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஊரைக் கடக்க இரண்டு நிமிஷம். நினைக்க நினைக்க பயத்தைவிடக் குஷிதான் அதிகமாக இருந்தது.

ஊர் வந்தது. பிள்ளையார் கோயில் போனது. ரேஷன் கடை போனது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

முன்னாலிருந்து கத்தல் வந்தது. குழி இல்லை. மாடும் இல்லை.

"இளநீ!"

தோப்பு வாசலில் ஒருவர் குலை குலையாக இளநீரை வெட்டிப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து வழிமறித்து நின்றார்.

அவளுடைய மூத்தார். கணவரின் அண்ணன்.

நிற்காமல் போனால் டென்சிங் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இறங்கினாள்.

அவர் சீவிச் சீவி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். எந்த ஊரு, என்ன வேலை, காலு வலிக்கலையா என்று ஓயாத பேச்சு. வந்திருந்த பெண்களிடமும் அப்படித்தான். அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இந்த மனிதர் இவ்வளவு பேசுவாரா? பதினெட்டு வருஷத்தில் அவளிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. அவர் வந்தால் அவள் எழுந்து ஒதுங்குவாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கடந்து போவார். அந்த வீட்டு வழக்கம் அது.

அவள் முறை வந்தது.

அவர் திரும்பினார். அவள் கை தானாகத் தோளுக்குப் போனது, முந்தானையை இழுத்து மூட.

முந்தானைக்கு எங்கே போவது? பனியன்தான் இருந்தது.

அரிவாள் பாதியில் நின்றது.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி அவளும் நின்றாள்.

அவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். மிச்சத்தைச் சீவி முடித்தார். எல்லோருக்கும் கையில் கொடுத்தவர், அந்த இளநீரை மட்டும் பக்கத்து மைல்கல்லின் மேல் வைத்துவிட்டு இரண்டடி விலகினார்.

எடுத்துக் குடித்தாள். இனித்தது. இனி ஒரு போன்தான் பாக்கி என்று நினைத்தாள்.

தரையைப் பார்த்தபடியே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி அவர் சொன்னார்.

"தம்பி கேட்டா நான் என்னத்தச் சொல்ல? ஒம் மொகத்த நான் என்னைக்குத் தாயி பாத்திருக்கேன்? நீ கெளம்பு."

டென்சிங் விசில் ஊதினார். சைக்கிள்கள் நகர ஆரம்பித்தன.

போய்விடலாம். கன்னியாகுமரி வரை தடுக்க ஆளில்லை.

நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்த இறக்கத்தில்கூட இப்படி அடிக்கவில்லை. இந்தத் தடவை பயமில்லை, சந்தோஷம்தான்.

ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண்ணாடியையும் கழற்றினாள். வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டாள்.

"கேட்டா, பாத்தேன்னே சொல்லுங்க."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார்.

பிறகு நிமிர்ந்தார்.