டிங்

கரடி வீடியோ கேமில் கார் ஓட்டப் பழகியது. ரோட்டைக் கடப்பவருக்காக நிறுத்தினால் ‘டிங்’ என்று மணி அடித்துப் பத்துப் பாயிண்ட் ஏறும். நானூற்றுப் பன்னிரண்டு முறை நிறுத்தி, லைசென்ஸும் வாங்கிவிட்டது.

மறுநாள் நிஜ ரோட்டில், கோழி தன் ஏழு குஞ்சுகளோடு இறங்கியதும் கரடி காரை நிறுத்தியது.

“நல்லாயிருப்பே தம்பி!” என்றது கோழி.

“அது கிடக்கட்டும் அக்கா. ‘டிங்’னு மணி அடிக்கலையே?”

“எந்த மணி?”

“பாயிண்ட் ஏறாத ரோட்டிலே சும்மா நிக்க எனக்கென்ன கிறுக்கா?” என்று கரடி ஆக்சிலரேட்டரை மிதித்தது.

நான்கு குஞ்சுகள்தான் கடந்திருந்தன. மூன்று இன்னும் நடுரோட்டில். “டிங்!” என்று அடித்தொண்டையிலிருந்து கத்தியது கோழி.

கார் சட்டென்று நின்றது. “பத்து!” என்று பல்லைக் காட்டியது கரடி.

ஏழும் பிழைத்தன. மாலையில் கூட்டுக்குத் திரும்ப இதே ரோட்டைக் கடந்தாக வேண்டும். அதே கேமில் தேறிய கரடிகள் இன்னும் பதினாறு இருக்கின்றன. கோழிக்கோ இப்போதே தொண்டை கட்டிவிட்டது.