மாரிசெல்வியின் பூட்டு

“உடைச்சுடலாம் மாமா, சின்னப் பூட்டுதானே” என்றான் முதல் மாடி நகுல், செகரட்டரியிடம். கையில் சுத்தியல் தயாராக இருந்தது.

மும்பை மாதுங்காவின் அந்தப் பழைய கட்டடத்தில் மொட்டை மாடிக்கென்று தனி ஸ்விட்ச் கிடையாது. எல்லாவற்றுக்கும் கீழே மீட்டர் அறையில் ஒரே மெயின். அதை அணைத்து, பெட்டிக் கதவில் தன் பித்தளைப் பூட்டை மாட்டிவிட்டு மாரிசெல்வி மாடியேறி இரண்டு மணி நேரமாகிறது. மே மாதம்.

தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் தானே மூடிக்கொள்ளும் கரண்ட் வால்வைப் பொருத்தத் தாராவியிலிருந்து வந்தவள் அவள்.

நகுலின் லேப்டாப்பில் சார்ஜ் ஒன்பது சதவீதம். மீட்டிங் பன்னிரண்டரைக்கு. எல்லா எலக்ட்ரீஷியன்களையும் போல ‘வேலை நடக்கிறது’ என்று ஓர் அட்டை மாட்டினால் போதாதா என்று மேலே போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தான்.

தண்ணீர் மட்டம் பார்க்கும் கம்பிகளைத் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“போன வருசம் எங்க மாரிக்கண்ணன் அண்ணன் இங்க அட்டதான் மாட்டுனாவ. யாரோ அதக் கழட்டிட்டு மெயினப் போட்டுட்டாவ. இன்னும் அவியளுக்கு வலது கை வெளங்கல. கரண்டு ஒங்க பில்டிங்கோடது சார், கை என்னுது. முடிஞ்ச பொறவுதான் சாவி.”

அட்டையைக் கழற்றியது யார் என்று செகரட்டரி வேங்கடசுப்ரமணியன் தலைமையில் குடியிருப்பவர்களின் சொசைட்டி மூன்று முறை கூடி விசாரித்து, யாருமில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது.

அதே செகரட்டரிதான் இப்போது மீட்டர் அறை வாசலில் நாற்காலி போட்டு, வெறும் மேலுடன் விதிப் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தார். சொசைட்டி சொத்தை உடைக்கத் தீர்மானம் வேண்டும் என்றார். பூட்டு அவளுடையது என்றான் நகுல். அப்படியானால் பிறர் சொத்து, இன்னும் மோசம் என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

கிரைண்டரில் பாதியில் நின்ற மாவைப் பற்றிப் புலம்ப வந்த அவர் மனைவி சுப்புலக்ஷ்மியின் கண் பூணூலில் நின்றது. “இதுல தொங்கற டிரங்குப் பெட்டிச் சாவி எங்கேன்னா?”

“பத்திரமா இருக்கு.”

நகுலுக்குப் பொறுமை போயிற்று. அவரைத் தாண்டி உள்ளே போய்ச் சுத்தியலால் இரண்டே அடி. பித்தளைப் பூட்டு தெறித்தது. கதவைத் திறந்தான்.

உள்ளே, மெயின் கைப்பிடியிலேயே இன்னொரு பூட்டு. கனத்த இரும்பு. அடித்ததில் சுத்தியல்தான் எகிறியது.

“நம்மாத்து டிரங்குப் பெட்டிப் பூட்டுன்னா இது” என்றாள் சுப்புலக்ஷ்மி.

வேலையை முடித்து, ஈரக் கையைத் துடைத்தபடி மாரிசெல்வி இறங்கி வந்தாள். தரையில் கிடந்த தன் பூட்டைப் பார்த்தாள்.

“போட்டும். கை இருக்கு.”

கழுத்துச் சங்கிலி ஊக்கிலிருந்து ஒரு சாவியை எடுத்து இரும்புப் பூட்டைத் திறந்தாள். மெயினைப் போட்டாள். சாவியைச் செகரட்டரியிடம் நீட்டினாள்.

நகுலின் முகம் சிவந்தது. “எங்க மேல அவ்வளவு நம்பிக்கையில்லையா மாமா?”

வேங்கடசுப்ரமணியன் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார்.

“சந்தேகம் உங்க மேல இல்லைடா. கால் மணி நேரம் ஃபேன் இல்லாம இருக்க முடியாம, போன வருஷம் அந்த அட்டையைக் கழட்டினவன் கையில இன்னிக்குச் சாவி இருக்கப்படாது. அதான், காலம்பறவே அவகிட்ட குடுத்துட்டேன்.”