மாபெல் வாங்கிய அடி

“இவர் அடிச்சார். ரெண்டு லகானையும் ஒரே கையில சுருட்டிக்கிட்டு, இன்னொரு கையால சாட்டையை வீசினார். நான் என் கண்ணால பார்த்தேன்.”

ரோஸ்லின் ‘அப்பா’ என்று சொல்லவில்லை. ‘இவர்’ என்றாள். பக்கத்து நாற்காலியில் ஆல்பன், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் டோரன் அம்மாள் படத்தை நிறுத்தினாள். தகுதிச் சுற்றின் கடைசி ஓட்டம். குதிரை பூட்டிய இருசக்கரப் பந்தய வண்டியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஆல்பனின் இடது கை தலைக்கு மேலே போயிருந்தது. அடுத்த காட்சியில் சாட்டை குதிரைக்கு அந்தப் பக்கம், வண்டியின் ஏர்க்காலுக்குக் கீழே இறங்கி மறைந்தது. மறுபடி மேலே. மறுபடி கீழே.

“சாட்டை விதியைக் கடுமையாக்கினப்ப இந்தத் தீவுல அத்தனை ஓட்டிகளும் கத்தினாங்க. சரிதான்னு எழுந்து நின்னவர் நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு என்ன வந்துச்சு ஆல்பன்?”

“சாட்டையைத் தூக்கினேன். அடிச்சேன். தப்புதான்.”

“இவ்வளவுதானா?”

“வேற என்னம்மா சொல்லச் சொல்றீங்க?”

டோரன் அம்மாள் பெருமூச்சு விட்டாள். “குதிரை உடம்புல தழும்பு இருக்கோ இல்லையோ, லகானை ஒரு கைக்கு மாத்திட்டு ஏர்க்காலுக்குக் கீழ சாட்டை போனா தடைதான். சனிக்கிழமையிலேர்ந்து ஒரு மாசத்துக்கு நீங்க வண்டியில ஏறக் கூடாது.”

சனிக்கிழமைதான் இறுதிப் போட்டி. குதிரை மாபெல்லின் சொந்தக்காரர் மக்ஃபீ துள்ளி எழுந்தார்.

“அப்பீல் போடுய்யா! முடிவு வர்ற வரைக்கும் ஓட்டலாம்ல? எல்லாப் பயலும் அதத்தானே பண்றான்!”

“வேண்டாம்.”

“என் வாயில மண்ணள்ளிப் போடுறியே, பாவி!”

“தப்பு பண்ணினவன் அனுபவிக்கட்டும்” என்றார் ஆல்பன், தொப்பியைத் தட்டிக்கொண்டே.

வெட்கம் என்று ரோஸ்லின் நினைத்தாள். நல்லா படட்டும் என்றும் நினைத்தாள்.

பின்னே? மாபெல் பிறந்த அன்றே தாய்க்குதிரை செத்துப்போனது. புட்டியில் பால் கொடுத்து, வைக்கோலில் கூடவே படுத்து வளர்த்தவள் ரோஸ்லின். ஓடப் பழக்கியவளும் அவள்தான். வண்டி ஓட்ட அவளிடமும் லைசென்ஸ் இருந்தது. ஆனால் அவளுக்குக் கிடைத்ததெல்லாம், வாரநாள் பந்தயத்தில் யாருக்கும் வேண்டாத நொண்டிக் குதிரைகள்தான். ஒவ்வொரு வருடமும் மக்ஃபீ ஒரே பாட்டைப் பாடுவார்: “பொண்ணு வளர்க்கட்டும், கொட்டிலைக் கூட்டட்டும். ஆல்பன் இருக்கிற வரைக்கும் அந்த வண்டியில வேற யாரும் உக்காரக் கூடாது.” அப்போதெல்லாம் அப்பா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார். மகளுக்காக ஒரு வார்த்தை? ம்ஹூம். அதையே அவளால் ஜீரணிக்க முடியவில்லை. இப்போது இந்த அடி வேறு.

வெளியே மக்ஃபீ போனை வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நல்ல ஓட்டிகள் எல்லோருக்கும் சனிக்கிழமை ஓட்ட அவரவர் குதிரை இருந்தது. சிற்றுண்டிக் கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் கையிலேயே ஆறிப்போனது. கடைசியில் ரோஸ்லின் முன்னால் வந்து நின்றார்.

“வேற ஆளு இல்ல. நீயே ஓட்டித் தொலை.”

“தொலைக்கிறதுக்கா வளர்த்தேன்? ஜெயிக்கிறதுக்கு வளர்த்தேன்.”

“வாய் மட்டும் முழ நீளம்!”

“கையும் நீளம்தான் மிஸ்டர் மக்ஃபீ. நீங்கதான் பார்த்ததில்ல.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ரோஸ்லினுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அப்பா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் குதிப்பதாவது!

“ரோசி...”

“பேசாத. அத்தனை பேர் முன்னால உனக்கு எதிரா சாட்சி சொல்லியிருக்கேன். நாளைக்குக் கூப்பிட்டாலும் சொல்லுவேன்.”

“தெரியும்” என்றார் ஆல்பன். “யாரு விட்டாலும் நீ விட மாட்டே.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். செய்ததையும் செய்துவிட்டுச் சிரிப்பு வேறா! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் லாயத்துக்கு நடந்தாள்.

மாபெல் வாளிக்குள் முகத்தை விட்டுத் தின்றுகொண்டிருந்தது. ரோஸ்லின் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இடப்பக்க விலா, வயிறு, தொடையின் உள்பக்கம், முழங்கால் என்று விரலால் மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தாள். எங்கே தொட்டால் துள்ளுமோ என்று பயந்து பயந்து தொட்டாள். மாபெல் துள்ளவில்லை. அது பாட்டுக்குத் தின்றது. ஒரு கீறல் இல்லை, ஒரு வீக்கம் இல்லை. ஒரு மயிர்கூடக் கலையவில்லை.

“வலிக்கலையாடி? உள்காயமா இருக்குமோ?”

எதற்கும் தைலம் தடவிவிடலாம் என்று எழுந்தாள். வழக்கமான ஆணியில் புட்டி இல்லை. சேணம் வைக்கும் அறையில் இருக்கும் என்று கதவைத் தள்ளினாள்.

உள்ளே அப்பா, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தன் இடது தொடையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தொடை முழுக்க வரிவரியாக, கத்தரிக்காய் நிறத்தில் தடித்துக் கிடந்தது.

“கதவைச் சாத்துடி” என்றார் ஆல்பன். “மக்ஃபீ பார்த்தான்னா உன்னை வண்டியிலேர்ந்து இறக்கிடுவான்.”