நான்காவது கட்டம்

அப்பா அவள் பெயரைச் சொன்னபோது குரல் எப்படி இருந்திருக்கும்? அதட்டலாகவா? வயதானவர்களுக்கு வருகிற அந்தத் தழுதழுப்போடா?

தம்பி அதைச் சொல்லவில்லை. "அப்பா உன் பேரைச் சொல்லிக் கேட்டார்க்கா. கல்யாணத்துக்கு அவளையும் கூட்டிட்டுப் போலாம்னார்" என்று மட்டும்தான் தொலைபேசியில் சொன்னான். அதை எதிர்த்துக் கேள்வி கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

பதினோரு வருடங்களுக்கு முன், கணவன் வீட்டை விட்டு இரண்டு பைகளோடு வந்து நின்றபோது, அப்பா கதவைத் திறக்கவில்லை. உள்ளே விளக்கை அணைத்தார்.

அந்த அப்பா கேட்டாராம்.

அதனால்தான் அத்தை மகள் கல்யாணத்துக்குப் போகும் இந்தக் காரில், முன் இருக்கையில், அவள் உட்கார்ந்திருந்தாள். பின்னால், இரண்டு தலையணைகளுக்கு நடுவே, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அப்பா தூங்கினார். அவருக்கு உடம்பு முடியவில்லை என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது.

"மாத்திரை போட்டிருக்கு. முழிச்சதும் பேசிக்கலாம்" என்று அவள் ஏறும்போதே தம்பி சொல்லியிருந்தான்.

என்ன பேசுவது என்று அவள் தேடிக்கொண்டே வந்தாள். 'எப்படி இருக்கீங்க' வேண்டாம். அது யாரையும் கேட்பது. 'வந்துட்டேன்பா.' அது போதும்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சி வண்டியில் அவள் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். தம்பி ஒவ்வொரு லாரியை முந்தும்போதும் அவள் வலது கால் வெறும் விரிப்பை அழுத்தியது.

"மெதுவாக்கா, ஓட்டை விழுந்துடப்போகுது. அங்க பிரேக் கிடையாது."

"அவங்க காலாவது உங்களைக் கண்டிக்கட்டும்" என்றாள் பின்னாலிருந்து தம்பி மனைவி. "நான் சொன்னா காதுல விழுதா?"

மூவரும் சிரித்தார்கள். ஒரு குடும்பத்துக்குள் உட்கார்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

பெட்ரோல் போட்டுவிட்டு, தம்பி டீ வாங்கப் போனான்.

தம்பி மனைவி எட்டி, ஒரு துணிப்பையையும் நீள நோட்டு ஒன்றையும் அவள் மடியில் வைத்தாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. மாமாவைப் பாத்துக்கிட்டிருந்த நர்ஸ் போன வாரம் திடீர்னு நின்னுட்டாங்க. மண்டபத்துல எங்களுக்குத் தலைக்கு மேல வேலை. மூணு நாளும் நீங்க மேல ரூம்ல அவர்கூட இருந்துடுங்க. சாப்பாடெல்லாம் மேலயே வந்துடும். உங்க அப்பாதானே, உங்களைவிட யாரு நல்லாப் பாத்துக்குவாங்க?"

போன வாரம். தம்பி தொலைபேசியில் அழைத்ததும் போன வாரம்தான்.

முன் இருக்கை, முதுகுக்குக் கொடுத்த தலையணை, வழியெல்லாம் வாய் நிறைய 'அண்ணி'. எல்லாவற்றுக்கும் இப்போது வேறு அர்த்தம் வந்தது. முகம் சுட்டது.

ஆனாலும் அவர் கேட்டாரே. இவர்கள் வேலைக்கு ஆள் தேடியிருக்கட்டும். அப்பா மகளைத் தேடினார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் என்ன, முப்பது நாளும் அந்த அறையில் இருக்க அவளால் முடியும்.

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். மாத்திரை நேரத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டைத் திறந்தாள்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. வரிக்கு நான்கு கட்டங்கள். சாப்பாடு. தூக்கம். சிறுநீர். பேச்சு.

சனிக்கிழமையைத் தேடினாள். தம்பி அழைத்த நாள். நர்ஸ் போன பிறகு தம்பி மனைவியே எழுதியிருந்தாள், அவசரக் கையெழுத்தில்.

சாப்பாடு: பாதி. தூக்கம்: நாலு மணி நேரம். சிறுநீர்: சரி.

பேச்சு: இல்லை.

வெள்ளிக்கிழமை, இல்லை. அதற்கு முந்தைய நாள், நர்ஸின் நேரான எழுத்தில், இல்லை. அவள் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனாள். ஒரு பக்கம், ஒரு மாதம், எட்டு மாதம். முதல் பக்கத்தில் மட்டும் நான்காவது கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதியிருந்தது: 'பக்கவாதத்தில் பேச்சு முழுவதுமாகப் போய்விட்டது. இனி வராது என்கிறார் டாக்டர்.'

தம்பி மனைவி கைப்பையில் சீப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். புருஷன் என்ன சொல்லி அழைத்தான் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த நோட்டைக் கொடுத்திருக்க மாட்டாள்.

அவள் முன் இருக்கையிலிருந்து திரும்பி அப்பாவைப் பார்த்தாள். துண்டு நழுவியிருந்தது. அப்பா விழித்திருந்தார். அந்தக் கண்கள் அவளைப் பார்க்கின்றனவா, அவளைத் தாண்டிக் கண்ணாடியைப் பார்க்கின்றனவா என்று தெரியவில்லை. கடைவாயில் எச்சில் வழிந்திருந்தது. கையை நீட்டி, துண்டின் நுனியால் துடைத்துவிட்டாள். 'வந்துட்டேன்பா' வாய்க்கு வரவேயில்லை.

தம்பி மூன்று டீயோடு வந்து, ஜன்னல் வழியே அவள் காதருகே குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"இவ சொன்னாளாக்கா? அப்பாவுக்கும் நீ பக்கத்துல இருக்கணும்னுதான் ஆசை. வாய்விட்டுக் கேட்டாரே மனுஷன்."

அவள் நோட்டைப் பைக்குள் வைத்து, பையை அவனுடைய இருக்கைக்கு நகர்த்தினாள். பிறகு அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நான் கல்யாணத்துக்கு வந்திருக்கேன்டா. கீழ மண்டபத்துலதான் உக்காருவேன்."