ஓரெழுத்துப் பேச்சு

“பா,” என்றார் அவர்.

காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாய், இங்கே வந்து கொஞ்சம் உட்கார் என்று அர்த்தம்.

மனைவிக்குப் புரிந்தது. ஆனாலும் அடுப்படி வாசலை விட்டு அவள் நகரவில்லை.

பக்கவாதம் வந்து பதினோரு மாதம். இன்சூரன்ஸ் ஏஜென்டாகப் பேசியே பிழைத்த மனுஷன். மிச்சம் இருப்பது இந்த ஒரு எழுத்துதான்.

வெடுக்கென்று சொன்னால், ஃபேனை நிறுத்து. இழுத்தால், மகன் போன் பண்ணினானா. மூக்கால் சொன்னால் எதிர்வீட்டுக்காரரைப் பற்றிய கிண்டல். அதற்கு அவள் சிரித்தும் விடுவாள்.

முன்பெல்லாம் மூச்சுவிடாமல் பேசுவார். பாதி அவள் காதில் ஏறியதே இல்லை. இப்போது ஒன்றுகூடத் தப்புவதில்லை.

அதுதான் தப்பாம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பிரிசில்லா நேற்று செருப்பை மாட்டிக்கொண்டே அவளிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

“உங்களுக்குப் புரிஞ்சாலும் புரியாத மாதிரியே இருங்கம்மா. இல்லன்னா ஐயா வேற வார்த்தைக்கு முயற்சியே பண்ண மாட்டாங்க.”

“பா,” என்றார் மறுபடியும்.

“என்னங்க வேணும்? எனக்குப் புரியலையே.”

அவர் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படுபாவி நான், இப்படி நடிக்க வேண்டியிருக்கிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். மகன் புரியவில்லை என்று கைவிரித்தபோதெல்லாம் அவர் திரும்பியது அந்த முகத்தின் பக்கம்தான்.

இப்போது திரும்ப வேறு முகம் இல்லை.

நெற்றி வியர்த்தது. வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

“த... தண்... தண்ணி.”

ஐயோ, சொல்லிவிட்டார்! பதினோரு மாதத்தில் முதல் வார்த்தை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஓடிப்போய்த் தம்ளர் நிறையக் கொண்டுவந்தாள்.

அவருக்குத் தாகமில்லை. இப்போதுதான் மோர் குடித்திருந்தார். பிரிசில்லா பழக்கிய சொற்களில் இப்போது வாய்க்கு வந்தது அது ஒன்றுதான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

மிச்சம் வைக்காமல் குடித்தார்.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நல்ல கையை நெஞ்சுவரை தூக்கி அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

பிரிசில்லா கிளம்பும்போது அவளுக்கு வைப்பாரே, அதே வணக்கம்.